குடிமுதல் கோமளவல்லி

ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, திருச்சி அன்னபூரணி நகர் மூன்றாம் குறுக்குத் தெரு ஏழாம் எண் வீட்டில் பால் பொங்கியது. பொங்க வைத்தவர் வீட்டுக்காரம்மா கோமளவல்லி. குடிவர வேண்டிய ஜெயசீலி அந்நேரம் துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில், சாலையில் விழுந்து கிடந்த புளியமரத்துக்குப் பின்னால், நின்றுபோன பஸ்ஸில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

அவள் மேல் தப்பில்லை. ஒன்பதரைக்கே போன் செய்து சொல்லிவிட்டாள்.

"ஆன்ட்டி, மரத்தை இன்னும் அறுத்துக்கிட்டு இருக்காங்க. நாங்க வந்து சேர மத்தியானம் ஆயிடும்."

"நல்ல நேரம் பத்தேகாலோட முடியுதேம்மா. ஒண்ணரைக்கு ராகு காலம். நாளைக்கு அஷ்டமி, நாளன்னைக்கு நவமி."

"எங்களுக்கு அதெல்லாம் பரவாயில்ல ஆன்ட்டி. ஒரு ஜெபம் பண்ணிட்டு உள்ள வந்துடுவோம்."

"உனக்குப் பரவாயில்ல. வீடு என்னுது இல்லையா? நீ பதறாம வா. பாலை உன் சார்பா நானே வெச்சுடறேன்."

உன் சார்பா. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோமளவல்லி முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒருவர் சார்பாக இன்னொருவர் கையெழுத்துப் போடலாம்; அதற்கென்று தனிப் பத்திரமே உண்டு. ஆனால் வாசல் நிலையில், மஞ்சள் குங்குமத்துக்கு மேலே, தீப்பெட்டி அளவில் ஒன்று பொருத்தியிருந்தார்களே, அந்த நிலைப்பெட்டிக்குச் சார்பு என்றால் என்னவென்று தெரியாது. வாடகைக்கு விடுகிற வீட்டுக்கெல்லாம் அது கட்டாயம் என்று சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அது பாலின் வாசனையைப் பிடித்தது; அடுப்பின் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தது; பால் பொங்கி வழிந்து தீய்ந்த நொடியில் எதையோ குறித்துக்கொண்டது. பச்சை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. கோமளவல்லி அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டார்.

ஜெயசீலி மதியம் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு மூடி வைத்திருந்த டம்ளர் பாலில் ஆடை கட்டியிருந்தது.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. தூத்துக்குடிப் பக்கம். பொன்மலை ரயில் பணிமனையில் ஃபிட்டராக மாற்றலாகி வந்தவள். கூட வந்தது அப்பா பாக்கியநாதன், எழுபத்தொரு வயது. சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்கு ஒரே வாசல். கூடம், சமையலறை, ஓர் அறை இவர்களுக்கு. பின்னால் ஓர் அறையில் கோமளவல்லி, தனியாக ஒரு கரண்ட் அடுப்பு வைத்துக்கொண்டு.

மகன் முகுந்தன் கனடாவில் இருந்தான். கோமளவல்லிக்கு இடது காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். குடிவந்த மறுநாள் காலை ஏழு மணிக்கே அந்தப் பேச்சு கூடம் முழுக்கக் கேட்டது.

"இன்னும் ஒரு வருஷம்மா. அப்புறம் வீட்டை ஒரு வழி பண்ணிடலாம். உனக்கு நல்ல இடமாப் பாத்து வெச்சிருக்கேன். ஏசி ரூம். டாக்டர் உள்ளேயே இருக்கார்."

"இங்க எனக்கு என்னப்பா குறை?"

"எழுதிக் குடுத்துட்டு இப்படிப் பேசினா எப்படிம்மா?"

அதற்கு இரண்டு வருடம் முன்பே கோமளவல்லி வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முப்பத்தொரு வருடமும், மகனுக்கு எழுதிக் கொடுக்க வரும் ஒவ்வொரு அம்மாவிடமும், 'உங்க காலம் வரைக்கும் குடியிருக்கலாம்னு ஒரு வரி இருக்கான்னு பாத்தீங்களா' என்று கேட்டு அனுப்பியவர் அவர். தன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். அந்த வரி இல்லை.

பாக்கியநாதன் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். அவருக்கு அந்த வீட்டைக் கற்றுக்கொள்கிற வேலை இருந்தது. கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினொரு தப்படி. பத்தாவதில் வாசற்படி. கழிப்பறைக்கு இடப்பக்கம் திரும்பி ஆறு, பிறகு சுவரைத் தொட்டு இரண்டு. கேட்க எளிதாக இருக்கிறது. முந்தைய வீட்டில் இதைக் கற்றுக்கொள்ளும்போது அவருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. இந்த வீடு அவர் காலுக்குப் பழக முழுசாக ஏழு மாதம் பிடித்தது. எட்டாவது மாதம் ஒரு நாள், கையில் காப்பி டம்ளரோடு சிந்தாமல் கூடத்துக்கு வந்து, "ஏட்டி ஜெயா, நான் பாஸாயிட்டேன்," என்றார். ஜெயசீலி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் வீட்டில் சில விசித்திரங்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகியது. சட்டப்படி ஜெயசீலி நிலைப்பெட்டியைப் பார்த்து மூன்று நாள் முறையிட்டாள். பெட்டி செய்தி வாசிக்கிறவர் குரலில், "குறித்துக்கொள்ளப்பட்டது," என்றது. ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் அந்த ஈரத்தில் கோமளவல்லி வழுக்கப் பார்த்து, "இந்தக் குழாயை எவனும் பாக்க மாட்டானா," என்று முனகினார். முக்கால் மணி நேரத்தில் குழாய்க்காரர் வாசலில் நின்றார்.

"முகுந்தன் சார் கனடாலேர்ந்து அனுப்பிச்சாருங்க. ஒரு நாளைக்குள்ள பாக்கலன்னா அவருக்கு அபராதமாம்."

"பாத்தியா, என் பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு," என்றார் கோமளவல்லி.

இன்னொரு விசித்திரம் சின்னது. ஞாயிறு காலை ஜெயசீலி வாங்கிவரும் எலுமிச்சம்பழங்களில் திங்கட்கிழமை தவறாமல் ஒன்று குறைந்தது. அப்பா ரசத்துக்குப் பிழிந்துகொள்கிறார் போல என்று விட்டுவிட்டாள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: சமையலறையில் அசைவம் கூடாது. கோமளவல்லி வழிவழியாகச் சைவம். திங்கட்கிழமைதோறும் சோமவார விரதம் வேறு. ஆனால் பாக்கியநாதன் கடலோரத்து ஆள். வந்த முதல் வாரமே அவர் சோற்றைப் பிசைந்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கோமளவல்லி எங்கோ சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மட்டும். ஜன்னலைச் சாத்திக்கிட்டு." ஞாயிற்றுக்கிழமை குழம்பு திங்கட்கிழமைக்கும் வரும். ஜெயசீலி காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள். முள் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "நாக்குக்குக் கண்ணு உண்டுட்டி," என்பார் அப்பா.

பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. ஆடி பிறந்ததும் முகுந்தனிடமிருந்து போன்.

"அம்மா, வீட்டுக்கு ஒரு பார்ட்டி வந்திருக்கு. காலியாக் குடுக்கணும்."

"குடி இருக்காங்களேப்பா."

"பெட்டி இருக்கறதால அஞ்சு வருஷத்துக்கு அவங்கள அசைக்க முடியாது. ஒப்பந்தத்த மீறினாத்தான் முடியும். அவங்க மீன் சமைக்கிறாங்களா?"

கோமளவல்லி சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைல... ஜன்னலச் சாத்திக்கிட்டுத்தான்."

"போதும்மா."

"அப்ப நான் எங்க போறதுப்பா?"

"அதான் சொன்னேனே. இடம் ரெடியா இருக்கு. கோயமுத்தூர்ப் பக்கம். நல்ல காத்து."

முகுந்தனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்று அவன் பனிக்குள் உட்கார்ந்து நிஜமாகவே கவலைப்பட்டான். அந்தக் கவலைக்கும் வீட்டை விற்பதற்கும் ஒரே நாளில் வழி கிடைத்ததில் அவனுக்கு நிம்மதி, அவ்வளவுதான். அன்றே வாடகை மன்றத்தில் புகார் பதிந்தான்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, நோட்டீஸ் வந்தது. ஜெயசீலிக்கு அன்று விடுமுறை. அவள்தான் வாங்கிப் பிரித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, இது உங்களுக்கு வந்திருக்கு."

"எனக்கா? படி."

"'குடிமுதல் திருமதி கோமளவல்லி அவர்களுக்கு. தாங்கள் குடியிருக்கும் வீட்டின் சமையலறையில், ஒப்பந்தத்துக்கு மாறாக, தாங்கள் தொடர்ந்து மீன் சமைத்து வருவதாக உரிமையாளர் திரு. முகுந்தன் புகார் அளித்துள்ளார். வரும் வியாழக்கிழமை...'"

"நானா?" என்றார் கோமளவல்லி. பிறகு, "மீனா?" என்றார். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மீன்னு போட்டிருக்கா?" என்று கட்டிலிலிருந்து பாக்கியநாதன் கேட்டார்.

"அப்பா, சும்மா இருங்க."

வாடகை மன்றம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணவறை இருந்த மேடையில் மேசை. கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களும் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு மாதிரி ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மன்ற உறுப்பினர் மெஹருன்னிசாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நோட்டீஸைப் பார்த்தார், கோமளவல்லியின் நெற்றி விபூதியைப் பார்த்தார், பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"அன்னைக்குப் பாலை யார் காய்ச்சினது?"

"நான்தாங்க. இந்தப் பொண்ணு சார்பா."

"அதானே பாத்தேன். இந்த மாசத்துல நீங்க மூணாவது."

"பால் காய்ச்சினா நான் குடித்தனக்காரியா? என் வீட்லயேவா?" என்று கேட்டார் கோமளவல்லி. "ஒப்பந்தப் பத்திரம் இருக்கே. அதுல இவ கையெழுத்து இருக்கு."

"பேப்பரை நம்பித்தாம்மா முன்னாடி கெட்டோம். வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. பதினோரு மாசம்னு எழுதிட்டுப் பத்தாவது மாசம் தண்ணியை நிறுத்தினாங்க. அதனால வீட்டையே கேட்டுடலாம்னு சட்டம் வந்துச்சு. பெட்டி செஞ்சவங்க ஊர் ஊராப் போய், 'எந்த நாள்லேர்ந்து இது உங்க வீடு'ன்னு கேட்டாங்க. அட்வான்ஸ் குடுத்த நாள்னு ஒருத்தர்கூட சொல்லல. பால் காய்ச்சின நாள்னாங்க. உங்காளுங்க, இவங்காளுங்க, எங்காளுங்க, எல்லாரும் அதே பதில். சரின்னு அதையே பெட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. யார் அடுப்பு முன்னாடி நிக்கும்போது பால் பொங்குதோ அவங்கதான் குடிமுதல். ஒரு வாசலுக்கு ஒருத்தர்."

"மீன் புகார்?" என்றாள் ஜெயசீலி.

"அது கிடக்கட்டும். யார் என்ன சமைக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதினா அந்த வரி செல்லாது. ஆறு வருஷமாச் செல்லாது."

பதினோரு மாதம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்ததை ஜெயசீலி நினைத்துப் பார்த்தாள்.

"அப்ப பேரை மாத்திக் குடுத்துடுங்க மேடம்."

"மாத்தறது அஞ்சு நிமிஷ வேலை. நீங்க ஒரு மனு குடுத்தாப் போதும். ஆனா முழுசாக் கேட்டுக்கோங்க. உரிமையாளர் வீட்டைக் காலியாக் கேக்கறார். குடிமுதலும் அவர் வீட்டாரும் அஞ்சு வருஷம் இருக்கலாம், யாரும் தொட முடியாது. மத்தவங்க முப்பது நாள்ல கெளம்பணும். உங்க பேருக்கு மாத்தினா நீங்களும் உங்கப்பாவும் இருப்பீங்க, இந்தம்மா கெளம்பணும். மாத்தலன்னா இவங்க இருப்பாங்க, நீங்க கெளம்பணும்."

"நான் உரிமையாளரோட அம்மா," என்றார் கோமளவல்லி.

"பெட்டிக்கு அம்மா தெரியாதும்மா."

"வீட்டார்னா யாரு?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"ஒரே அடுப்புல சாப்பிடறவங்க. அதுக்கும் கணக்கு இருக்கு. நீங்க தனித்தனி அடுப்புதானே?"

"ஆமா," என்றாள் ஜெயசீலி. "ஆமா," என்று கோமளவல்லியும் சொன்னார். அது கொஞ்சம் தாமதமாக வந்தது.

மெஹருன்னிசா பத்து நாள் அவகாசம் கொடுத்தார்.

வீட்டில் அப்பாவும் மகளும் அன்று சாயங்காலம் குரலைத் தணித்துச் சண்டை போட்டார்கள்.

"மனு போடாதட்டி."

"ஏன்ப்பா?"

"போடாதன்னா போடாத."

"இது நமக்கு உள்ள உரிமை. நான் யாருதையும் பிடுங்கல. உங்களுக்காகத்தான் போடுதேன். இன்னொரு வீட்டை எண்ணிப் படிக்க உங்களுக்கு இன்னும் ஏழு மாசம் ஆகும். இந்தத் தடவை எந்தக் கையை ஒடிச்சுக்கப் போறீங்க?"

"இடது கை சும்மாத்தான இருக்கு."

"விளையாடாதீங்க. ஆன்ட்டிக்கு மகன் இருக்கான், ஏசி ரூம் இருக்கு. நமக்கு யாரு இருக்கா? கண்ணு தெரியாத ஆளுன்னதும் இந்த ஊர்ல பதினாலு வீட்ல இல்லன்னுட்டான். பதினஞ்சாவது வீடு இது."

பாக்கியநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண் தெரியாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது எதிரில் இருப்பவருக்காகத்தான்.

மறுநாள் காலை கோமளவல்லி வெள்ளைத் தாளும் பேனாவுமாகக் கூடத்துக்கு வந்தார். ஜெயசீலி ஏற்கெனவே அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதை எடுத்துப் படித்தார். இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தார்.

"இப்படி எழுதினா எடுக்க மாட்டாங்க. பொருள் எங்க? 'பொருள்: பால் காய்ச்சியது தொடர்பாக.' அதுக்குக் கீழ, 'பார்வை.' அப்புறம் 'எதிர்மனுதாரர்'."

"ஆன்ட்டி, எதிர்மனுதாரர் நீங்கதான்."

"தெரியும். வயசு அறுபத்தேழுன்னு போடு. 'மேற்படி எதிர்மனுதாரர் மனுதாரரின் சார்பாக மட்டுமே பால் காய்ச்சினார்.' சார்பாகங்கற சொல்லுக்குக் கீழ கோடு போடு. அதுலதான் கேஸே நிக்குது."

"உங்களுக்கு எதிரா நீங்களே எழுதிக் குடுக்கறீங்க."

"தப்பு என்னுது. முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேருக்குச் சரியா எழுதிக் குடுத்தேன். எனக்குன்னு பண்ணின ரெண்டும்தான் தப்பு, அந்தப் பத்திரமும் இந்தப் பாலும்."

அவரே நகல் எடுத்து, பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்துக்கு இடம் காட்டினார். ஜெயசீலி கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதினொரு தப்படியை நீங்களும் தினம் பார்த்திருந்தால் போட்டிருப்பீர்கள்.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை. மேடைக்குப் பக்கத்துத் திரையில் முகுந்தன் தலைமுடியை வாரிக்கொண்டு தெரிந்தான். பாக்கியநாதன் நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, தடியோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மெஹருன்னிசா மனுவை இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவு சுத்தமான மனு இந்த மன்றத்துக்கு வந்ததே இல்ல. எந்த வக்கீல்?"

"எதிர்மனுதாரர், மேடம்."

மெஹருன்னிசா கோமளவல்லியை ஒருமுறை பார்த்துவிட்டு மனுவைத் திருப்பிப் போட்டார். "சரி. பேர் மாத்தறதுக்கு முன்னாடி வழக்கமான ஒரு கேள்வி. நிலைப்பெட்டி, இந்த வாசலுக்குள்ள எத்தனை வீட்டார்?"

மேசையிலிருந்த ஒலிபெருக்கியில் செய்தி வாசிக்கும் குரல் வந்தது. "ஒரு வீட்டார். மூன்று பேர்."

"ரெண்டு வீட்டார்," என்றாள் ஜெயசீலி. "நாங்க ரெண்டு பேர். ஆன்ட்டி தனி."

"ஒரு வீட்டார்," என்றது பெட்டி. "மூன்று பேர்."

மெஹருன்னிசா தேநீரை நகர்த்தி வைத்தார். "ஒரே அடுப்புச் சாப்பாடு வருஷத்துக்கு நாற்பது வேளையாவது இருந்தா ஒரு வீட்டார். யார் மூச்சுல எந்த அடுப்பு வாசனைன்னு பெட்டிக்குத் தெரியும். விவரம் சொல்லு."

"விவரம் சொல்லக் குடிமுதலின் சம்மதம் தேவை. வீட்டுக்குள் நடப்பது வீட்டுக்குள்."

எல்லோரும் கோமளவல்லியைப் பார்த்தார்கள். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சரியாகத்தான் இருந்தது.

"அம்மா," என்றார் மெஹருன்னிசா, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. "நீங்க சம்மதிச்சா அது பதிவாகும். அது நிஜமா இருந்தா மூணு பேரும் ஒரு வீட்டார். மூணு பேரும் இருக்கலாம். சம்மதிக்கலன்னா எனக்கு அது கேக்காத மாதிரிதான். மனுப்படி பேரை மாத்திடுவேன். உங்க இஷ்டம்."

"என்னம்மா விவரம்?" என்றான் முகுந்தன் திரையிலிருந்து.

பாக்கியநாதன் மெல்ல, "வேண்டாம் கோமளம்மா. நாங்க பாத்துக்கிடுதோம்," என்றார்.

கோமளவல்லி எழுந்து நின்றார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் சாட்சிகளை எழுந்து நிற்கச் சொல்வது அவருடைய பழக்கம்.

"சொல்லச் சொல்லுங்க."

"நாற்பத்தாறு வேளை," என்றது பெட்டி. "அனைத்தும் திங்கட்கிழமை நண்பகல். உணவு, முதல் நாள் மீன்குழம்பு. சாளை, முப்பத்தொன்று. அயிலை, பன்னிரண்டு. நெத்திலி, மூன்று."

மண்டபத்தில் வீட்டுக்காரர்கள் பக்கமும் திரும்பிப் பார்த்தது; குடித்தனக்காரர்கள் பக்கமும் திரும்பிப் பார்த்தது. ஜெயசீலிக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது.

"அம்மா," என்றான் முகுந்தன். "திங்கட்கிழமை உனக்குச் சோமவாரம் இல்ல?"

கோமளவல்லி திரைப் பக்கம் திரும்பவில்லை. மேடையைப் பார்த்துச் சொன்னார். "அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. சாளையில முள்ளு தலைமுடி மாதிரி இருக்கு. வந்த ரெண்டாவது வாரமே தொண்டையில மாட்டிக்கிச்சு. இருமல் பின்னால வரைக்கும் கேட்டுது. ஓடி வந்து பாத்தா கண்ணெல்லாம் பிதுங்கிக் கெடக்கறார். வெறும் சோத்தை உருட்டி முழுங்கச் சொல்லி எறக்கினேன். அதுலேர்ந்து திங்கட்கிழமை நான் முள்ளு எடுத்துக் குடுக்கறது. பொண்ணுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு உக்காந்துடுவான்னு சொல்ல வேணாம்னார்."

"நல்ல காரியம்தான்," என்றார் மெஹருன்னிசா. "ஆனா முள்ளு எடுத்தா சாப்பிட்டதா ஆகாதும்மா. பெட்டி மூச்சைப் பாத்துச் சொல்லுது."

கோமளவல்லி தன் விரல்களைப் பார்த்தார்.

"எல்லா முள்ளும் எடுத்தாச்சான்னு கையால பாத்தாத் தெரியறதில்லைங்க."

"பின்ன?"

"வாயில போட்டுத்தான் பாக்கணும்."

மெஹருன்னிசா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"நாற்பத்தாறு தடவையுமா?" என்றான் முகுந்தன்.

"முள்ளு நாற்பத்தாறு தடவையும் இருந்துச்சுப்பா."

பின் வரிசையில் ஒருவர் இருமினார். மெஹருன்னிசா தீர்ப்பை எழுதி முடித்துப் படித்தார்: குடிமுதல் கோமளவல்லி என்பது மாறாது, ஜெயசீலியும் பாக்கியநாதனும் அவர் வீட்டார், பால் காய்ச்சிய நாளிலிருந்து ஐந்து வருடம் மூவரையும் யாரும் எழுப்ப முடியாது, உரிமையாளர் குழாய் முதலானவற்றைத் தொடர்ந்து பழுதுபார்த்துத் தர வேண்டும்.

"நான் உன் நல்லதுக்குத்தாம்மா பாத்தேன்," என்றான் முகுந்தன்.

"தெரியும்பா. அந்த ஏசி ரூம்ல திங்கட்கிழமை என்ன குடுப்பாங்க?"

திரை அணைந்தது. அவனே அணைத்தானா, நேரம் முடிந்துவிட்டதா தெரியவில்லை. ஒரு மாதம் அவன் பேசவில்லை. பிறகு பேசினான். அது வேறு கதை இல்லை, இதே கதைதான். அம்மாவும் பிள்ளையும் எத்தனை நாள் பேசாமல் இருப்பார்கள்?

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் கோமளவல்லி வலது ஓரம், பாக்கியநாதன் இடது ஓரம், நடுவில் ஜெயசீலி. தீர்ப்போடு பெட்டியின் பதிவேட்டு நகலும் கொடுத்திருந்தார்கள். அவள் சும்மா புரட்டினாள். முதல் பக்கத்தில் பால். இரண்டாம் பக்கத்தில், குடிவந்த மூன்றாம் நாள், காலை பதினொன்று இருபதுக்கு ஒரு பதிவு. அப்பா மட்டும் கூடத்தில் இருந்திருப்பார்.

"அப்பா, இதைக் கேளுங்க. 'கேள்வி: குடிமுதல் கோமளவல்லி எனப் பதிவாகியுள்ளது. ஆட்சேபணை உண்டா? பதில், ஆண் குரல்: இல்ல. அந்த அம்மா பேரே இருக்கட்டும்.'"

பாக்கியநாதன் தடியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

"கரண்ட் ஆபீஸ்காரன்னு நெனச்சேன்ட்டி. பில்லு யாரு பேர்லன்னு கேக்கான்னு."

ஜெயசீலி நகலை மடித்தாள். மூன்றாம் நாள். அதற்கு முந்தைய நாள் காலைதான் முகுந்தன் போனில், ஸ்பீக்கரில், நல்ல இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். அப்பாவுக்குப் போனது கண் மட்டும்தான். அப்போது அவருக்கு இந்த வீட்டில் கட்டிலுக்கும் சமையலறைக்கும் எத்தனை தப்படி என்றுகூடத் தெரியாது.

கோமளவல்லி வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். இவர்கள் இருந்த பக்கம் அவருடைய மந்தமான காது.

ஜெயசீலிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. குரலை ரொம்பத் தாழ்த்தி அப்பாவிடம் மட்டும் சொன்னாள்: "இனிமே வஞ்சிரமே வாங்கிடுதேன்ப்பா. நடு முள்ளு ஒண்ணுதான். யாருக்கும் சிரமம் இருக்காது."

"வேணாம்," என்றார் கோமளவல்லி, கடைகளைப் பார்த்தபடியே. "சாளையே வாங்கு."